மூக்கில்லாத மூன்று வாரங்கள்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை சைதாப்பேட்டை வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிய மகனைப் பார்த்து 74 வயதுத் தாயார் கேட்ட முதல் கேள்வி, "வலிக்குதாடா?" இல்லை என்று தலையசைத்தார் மகன். வலி உண்மையிலேயே பெரிதாக இல்லை. தாகம்தான். "அம்மா, தண்ணி" என்றார். வீட்டிலிருந்தவர்கள் காதில் விழுந்தது, "அப்பா, தட்டி." தாயார் ஒரு கணம் திகைத்து நின்றார். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

மயக்க மருந்து தெளியாத பேச்சல்ல அது. இலக்கணம். வல்லினத்துக்கு மார்பு, இடையினத்துக்குக் கழுத்து, மெல்லினத்துக்கு மூக்கு என்று எழுத்துகள் பிறக்கும் இடங்களை வகுத்திருக்கிறது நன்னூல். மெல்லெழுத்துகளுக்கு மூக்கின் காற்று வேண்டும் என்று அதற்கு முன்பே சொன்னது தொல்காப்பியம். மூக்கின் இரு துவாரங்களையும் பஞ்சால் அடைத்துவிட்டால் ங, ஞ, ண, ந, ம, ன ஆறும் அநேகமாகத் தங்கள் இன வல்லெழுத்துகளிடம் சரணடைந்துவிடும். 'மணி என்ன?' என்றால் 'படி எட்ட?' என்று வெளியே வரும். பாரிமுனையில் வங்கி ஊழியராக இருக்கும் அந்த 42 வயதுக்காரர், அடுத்த இரண்டு நாட்களை மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டியே ஓட்டினார்.

அவருக்கு நடந்தது 'செப்டோபிளாஸ்டி'. மூக்கின் உள்ளே இரண்டு அறைகளைப் பிரிக்கும் நடுச்சுவரை நேராக்கும் சிகிச்சை. இந்தச் சுவர் முன்பக்கம் குருத்தெலும்பாலும் பின்பக்கம் எலும்பாலும் ஆனது. நூல் பிடித்தாற்போல் நேராக அமைந்தவர்கள் குறைவு. சிறு கோணல் இல்லாத மூக்கு அபூர்வம். அதனால் தொல்லையும் இல்லை. கோணல் அதிகமாகி ஒரு பக்கம் காற்றே புகாமல் போய், இரவெல்லாம் வாயைத் திறந்து மூச்சுவிட்டு, காலையில் வறண்ட தொண்டையோடு எழுந்திருக்கும் நிலை வரும்போதுதான் கத்தியைப் பற்றிப் பேச்சு எழுகிறது. இவருடையது பள்ளி நாட்களில் கிரிக்கெட் பந்து பட்ட மூக்கு.

பந்துக்கு மேல் இன்னொரு காரணமும் இருந்தது. பத்தாண்டுகளாக அவர் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு மருந்துக் குப்பி இருக்கும். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகை மருந்துகள் மூக்கினுள் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கி ஒரு நொடியில் வழி திறந்துவிடும். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் கணக்கு தலைகீழாகும். மருந்தின் வேகம் குறைந்ததும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும். வீக்கத்துக்கு மறுபடியும் சொட்டு. சொட்டுக்கு மறுபடியும் வீக்கம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் இந்தக் குப்பிக்கு அடிமையானவர்கள், தாங்கள் அடிமை என்பதை ஒப்புக்கொள்வதே இல்லை. "சளிதானே" என்பார்கள். மூக்கு உள்ள மட்டும் சளி என்ற பழமொழி வேறு கை கொடுக்கும்.

கோணல் சுவருக்கான நவீன சிகிச்சை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. சிகாகோவில் ஃப்ரீயர் 1902லும், ஜெர்மனியில் கில்லியன் 1904லும், மேல்தோலை விலக்கிவிட்டு உள்ளே வளைந்திருந்த குருத்தெலும்பின் பெரும்பகுதியை எடுத்துவிடும் முறையை விவரித்தார்கள். தாங்கும் சுவர் போனால் கூரை இறங்கும் அல்லவா? சிலருக்கு மூக்குத் தண்டு உள்வாங்கியது. அதனால் பின்னாட்களில் எடுப்பதைக் குறைத்து, இருப்பதை நேராக்கித் திரும்ப வைப்பது வழக்கமாயிற்று. 1980களில் எண்டோஸ்கோப் மூக்குக்குள் நுழைந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் தொடங்கி வைத்த முறையை அவருடைய சீடர் ஸ்டாம்பெர்கரும், அமெரிக்காவில் டேவிட் கென்னடியும் உலகமெங்கும் கொண்டு சென்றார்கள். சைனஸ் அறைகளின் வாசல்களை முகத்தில் வெட்டு விழாமல் திறக்க முடிந்தது.

சிகிச்சை இவ்வளவு நுட்பமாகிவிட்டதால் நோயாளி மருத்துவமனையில் தங்கும் நேரம் குறைந்துவிட்டது. காலையில் சேர்ந்து மாலையிலோ மறுநாளோ வீடு திரும்பிவிடலாம். ஒரு காலத்தில் நர்ஸின் கண்காணிப்பில் கழிந்த நாட்கள் இப்போது அம்மா, மனைவி, குழந்தைகளின் பொறுப்பில் கழிகின்றன. அவர்கள் கையில் இருப்பது ஒரு சீட்டு. இந்த வீட்டில் அந்தச் சீட்டை மனைவி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தார். ஒன்பது வரிகள். மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, கனமான பொருளைத் தூக்கக் கூடாது, தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், சூடான பானம் வேண்டாம், ஆஸ்பிரின் வேண்டாம், புகை கூடாது, மருந்தை நிறுத்தக் கூடாது, சந்தேகம் என்றால் தொலைபேசியில் அழைக்கவும்.

ஒன்பதும் சரியானவைதான். ஏன் என்று மட்டும் சீட்டு சொல்லவில்லை. காரணம் தெரியாத விதி வீட்டில் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் யாராவது ஒரு பெரியவர் வந்து அதை மாற்றிவிடுவார்.

முதல் இரண்டு இரவுகளை அவர் இரண்டு தலையணைகளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி கழித்தார். தலை உயரே இருந்தால் முகத்தில் ரத்தம் தேங்குவது குறையும். வீக்கமும் கசிவும் குறையும். ஆனால் மூக்கு வேலை நிறுத்தம் செய்தால் உடம்புக்கு எத்தனை இழப்பு என்பது அந்த இரவுகளில்தான் தெரிகிறது. ஒரு மனிதர் நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அதை வடிகட்டி, ஈரப்படுத்தி, ஏறக்குறைய உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து தொண்டைக்கு அனுப்புவது மூக்கு. வாய்க்கு அந்த வேலை தெரியாது. வறண்ட காற்று நேராக இறங்கியது, நாக்கு மரக்கட்டையானது. ஒவ்வொரு வாய்த் தண்ணீரை விழுங்கும்போதும் காது அடைத்துத் திறந்தது. மனைவி விடிய விடிய ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக் கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை பஞ்சை எடுத்தார்கள். பெரும்பாலான நோயாளிகள் இந்த அனுபவத்தை ஆபரேஷனைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு சிறிய துவாரத்துக்குள்ளிருந்து இவ்வளவு நீளமா என்ற வியப்பு ஒரு பக்கம், கண்ணில் தாரை தாரையாக நீர் ஒரு பக்கம். எல்லோருக்கும் பஞ்சு வைக்கத் தேவையில்லை என்ற கருத்து இப்போது மருத்துவர்களிடையே வலுத்திருக்கிறது. சுவரின் இரு தோல்களையும் தைத்தே ஒட்டவைத்து, பஞ்சைத் தவிர்ப்பவர்கள் பலர். மெல்லிய சிலிக்கோன் தகடுகளை மட்டும் சில நாட்கள் உள்ளே விட்டு வைப்பவர்களும் உண்டு.

பஞ்சு வெளியே வந்ததும் ஜில்லென்று காற்று நெற்றிவரை ஏறியது. இருபத்தைந்து ஆண்டுகளாக இப்படி மூச்சு விட்டதில்லை என்று எழுதிக் காட்டினார். பிறகு, எழுதத் தேவையில்லை என்று நினைவு வந்து சொன்னார். அன்று மாலைக்குள் இரண்டு பக்கமும் மறுபடி அடைத்துக்கொண்டது. நான்காம் நாள் மனைவியிடம் மெதுவான குரலில், "ஆபரேஷன் ஃபெயிலியர்னு நினைக்கிறேன்" என்றார்.

இல்லை. இந்த ஏமாற்றம் அநேகமாக எல்லோருக்கும் வருவது. வெட்டுப்பட்ட உள்தோல் வீங்கும். ரத்தமும் சளியும் காய்ந்து பொருக்காகும். சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய ரோமங்கள் சிகிச்சைக்குப் பிறகு சரியாக இயங்குவதில்லை. ஆரோக்கியமான மூக்கின் முன்பகுதியில் ஒரு துளி சாக்கரின் வைத்தால் பொதுவாக இருபது நிமிடத்துக்குள் தொண்டையில் இனிக்கும். இந்த ரோமங்களின் வேகத்தை மருத்துவர்கள் அப்படித்தான் சோதிக்கிறார்கள். சிகிச்சைக்குப் பின் அந்த ஓட்டம் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கடையைத் திறந்து வைத்திருந்தாலும் வாசலில் குப்பை.

பொறுமைக்கு இந்த நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' பத்திரிகை, கௌவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரரின் கதையை வெளியிட்டது. ஆங்கிலேயப் படையில் வேலை பார்த்த அவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். புனே அருகே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு அமைத்தார். அந்தக் குறிப்பில் ஆபரேஷனுக்குப் பின் என்ன செய்தார்கள் என்பதும் இருக்கிறது: காசுக்கட்டியைக் குழைத்துத் தடவிய துணிதான் முதல் கட்டு, நோயாளி ஐந்தாறு நாட்கள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும், பத்தாம் நாள் துவாரங்கள் மூடிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய துணித் துண்டுகளைச் செருக வேண்டும். இதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் 1814ல் இதே முறையைப் பின்பற்றி ஆபரேஷன் செய்தார். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு சுஸ்ருதரும் புது மூக்கு அமைத்தபின் மூச்சு விடுவதற்காக இரண்டு குழல்களைச் செருகச் சொல்லியிருந்தார். கத்தி வைத்தவரின் திறமை பாதி. வழியைத் திறந்தே வைத்திருப்பது மறுபாதி என்பது புதிய கண்டுபிடிப்பல்ல.

ஐந்தாம் நாள் முதல் உறவினர்கள் வந்தார்கள். நம் ஊரில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் தெரு முழுவதும் டாக்டர்கள். தயிர் கூடாது என்றார் ஒருவர். தயிர்தான் நல்லது என்றார் அடுத்தவர். தலைக்குத் தண்ணீர் விட்டால் நீர் கோத்துக்கொள்ளும் என்று எச்சரித்தார் பெரியப்பா. நொச்சியிலை போட்டு ஆவி பிடித்தால் ஒரே நாளில் திறந்துவிடும் என்று கட்டாயப்படுத்தினார் அத்தை. வரும்போதே இலையையும் பறித்துக்கொண்டு வந்திருந்தார்.

இங்கேதான் விதிக்குக் காரணம் தேவைப்படுகிறது. தயிர் பற்றி மருத்துவத்துக்குக் கவலை இல்லை. ஆனால் ஆவி வேறு விஷயம். வெப்பம் ரத்தக் குழாய்களை விரியச் செய்யும். புண் ஆறாத முதல் நாட்களில் அது ரத்தக் கசிவுக்கு அழைப்பு. சூடான காபிக்கும், கொதிக்கும் ரசத்துக்கும், வெந்நீர்க் குளியலுக்கும் இதே காரணம்தான். குனிவது, முக்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் தலையில் ரத்த அழுத்தத்தை ஏற்றும். மலச்சிக்கல்கூட மூக்கில் ரத்தம் வரவழைக்கும் என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தம் உறைவதைத் தடுக்கும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தக் கூடாது. அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மூக்கைச் சிந்தினால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் தோல் பெயரும்; சைனஸ் சிகிச்சை செய்தவர்களுக்குக் காற்று கண்ணைச் சுற்றியுள்ள திசுக்களில்கூடப் புகுந்துவிடலாம். தும்மல் வந்தால் அடக்கக் கூடாது. வாயைத் திறந்து தும்ம வேண்டும். இந்த வீட்டில் ஒற்றைத் தும்மல் அபசகுனம். வாயைத் திறந்து அவர் போட்ட தும்மலில் எதிர்வீட்டுக் குழந்தை அழுதது. தாயார், "நூறு ஆயுசு" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து மிளகாய் தாளிப்பதை நிறுத்தினார். சாம்பிராணியும் நின்றது. கேட்காமலே அவர் செய்த தியாகம் அது; வெள்ளிக்கிழமை சாம்பிராணி அந்த வீட்டில் அவர் மணமாகி வந்த நாளிலிருந்து நின்றதில்லை.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது இந்த நாட்களின் முக்கிய வேலை. பொருக்கை இளக்கி வெளியேற்ற இதைவிட எளிய மருந்து இல்லை. யோகம் கற்றவர்கள் இதை ஜலநேதி என்பார்கள். எந்தத் தண்ணீர் என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011ல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் நெக்லேரியா ஃபௌலரி என்ற அமீபா மூளையைத் தாக்கியதால் இறந்தார்கள். கேரளத்தில் 2024லும் 2025லும் அமீபா மூளைக் காய்ச்சல் செய்தியானது பலருக்கு நினைவிருக்கும். இதே தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது. மூக்கின் உச்சி வழியாக ஏறினால்தான் ஆபத்து. எனவே கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், அல்லது வாலை வடித்த நீர் மட்டும். கொதிக்கும் நிலையில் குறைந்தது ஒரு நிமிடம் விட வேண்டும். கேன் தண்ணீர் சுத்தமானதுதானே என்று நினைத்திருந்த மனைவி, இதைக் கேட்டபின் தனியாக ஒரு பாத்திரத்தையே ஒதுக்கிவிட்டார்.

எட்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு ரத்தம் வந்தது. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் உள்ளே காய்ந்த பொருக்குகள் உதிரும். அப்போது கசிவு ஏற்படுவது அரிதல்ல. நடுச்சுவரின் முன்பகுதியில் பல ரத்தக் குழாய்கள் வந்து கூடுகின்றன. தலையணை சிவந்ததைப் பார்த்த தாயார் பதறி, "தலையைப் பின்னால சாய்ச்சுப் படுக்க வைம்மா" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே உச்சந்தலையில் ஊற்றத் தண்ணீர் கொண்டுவந்தார். தலைமுறை தலைமுறையாக நாம் செய்து வருவது இதுதான், தவறும் இதுதான். தலை பின்னால் சாய்ந்தால் ரத்தம் நிற்பதில்லை, தொண்டைக்குள் இறங்குகிறது. வயிற்றில் சேர்ந்து குமட்டும், மூச்சுக்குழாயிலும் போகலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்து, மூக்கின் கீழ்ப்பகுதியில் உள்ள மென்மையான இடத்தை இரு விரல்களால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்து பத்து, பதினைந்து நிமிடம். வாயில் வரும் ரத்தத்தைத் துப்ப வேண்டும்.

மனைவி அதைத்தான் செய்தார். பன்னிரண்டாவது நிமிடம் நின்றது. மாமியாரிடம், "நீங்க விசிறுங்க அத்தை" என்று ஒரு வேலையும் கொடுத்தார்.

நிற்காத ரத்தம் மட்டுமல்ல, வேறு சில அறிகுறிகளும் விடியும்வரை காத்திருக்க முடியாதவை. பார்வை மங்குவது, கண் வீங்கித் துருத்துவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கடுமையான தலைவலி. குனிந்தால் ஒரு துவாரத்திலிருந்து பச்சைத் தண்ணீர் போல் சொட்டி, வாயில் உப்புக் கரிப்பது. கடைசியாகச் சொன்னது சளியாக இல்லாமல் மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். இரண்டு பக்கமும் திடீரென அடைத்து வலி ஏறிக்கொண்டே போனால், சுவரின் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருக்கக்கூடும். குருத்தெலும்புக்குத் தனி ரத்தக் குழாய் கிடையாது. ஒட்டியிருக்கும் தோல்தான் சோறு போடுகிறது. தோல் விலகினால் சில நாட்களிலேயே அது அழியத் தொடங்கும்.

பத்தாம் நாளுக்குப் பிறகு வீடு இயல்புக்குத் திரும்பியது. மகள் பள்ளிக்கூடம், மனைவி அலுவலகம். விடுப்பு முடிய நான்கு நாள் இருந்த அவர் கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மூச்சு ஓரளவு வந்துவிட்டது. மணம் மட்டும் வரவில்லை. காபி கசந்த வெந்நீர். மோர்க்குழம்புக்கும் சாம்பாருக்கும் கண்ணால்தான் வித்தியாசம். நாக்குக்குத் தெரிந்தது உப்பு, புளிப்பு போன்ற சில அடிப்படைச் சுவைகளே. நாம் ருசி என்று சொல்வதில் பெரும் பங்கு மூக்கினுடையது. மூக்கின் உச்சியில் சில சதுர சென்டிமீட்டர் இடத்தில் மண நரம்புகள் இருக்கின்றன. அங்கே சுமார் 400 வகை வாங்கிகள் மணங்களைப் பிரித்தறிகின்றன. இதைக் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004ல் நோபல் பரிசு கிடைத்தது. வீக்கமும் பொருக்கும் வழியை மறித்தால் மணம் அந்த உச்சியை எட்டாது. பெரும்பாலும் இது தற்காலிகம். 2020ல் கோவிட் வந்தபிறகு, மணம் போவது என்றால் என்னவென்று நாடு முழுவதும் தெரிந்துவிட்டது. ஆனால் பலர் அதை ஒரு சிறு சௌகரியக் குறைவாகவே எண்ணுகிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொன்றரை. தாயார் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, காயப்போட்ட வடாத்தைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனார். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்தது. வாயு தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து எட்டடி தூரத்தில் மகன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. இறங்கி வந்த தாயாருக்கும் தெரியவில்லை. முதுமையில் கண், காது போலவே மூக்கும் மங்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் மூக்கைச் சோதித்துக்கொள்வதில்லை. அடுப்பு அணைந்திருப்பதைப் பார்த்து, "காத்துல அணைஞ்சு போச்சு போல" என்று சொல்லிக்கொண்டே லைட்டரைக் கையில் எடுத்தார்.

அந்த நேரத்தில் வாசலில் நின்றது மாடி வீட்டுச் சிறுமி. அம்மா கொடுத்தனுப்பிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். கதவு திறந்துதான் இருந்தது. "பாட்டி, கேஸ் வாசனை வருது!" என்று கத்தினாள்.

தாயாரின் விரல் லைட்டரின் மேல் அப்படியே நின்றது.

அதன்பின் எல்லாம் முறைப்படி நடந்தது. அடுப்புக் குமிழையும் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடினார்கள். ஜன்னல்களைத் திறந்தார்கள். மின்விசிறி சுவிட்சைத் தொடப் போன மகன் நல்லவேளையாகக் கையை இழுத்துக்கொண்டார். சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும், மேலே உள்ள ஜன்னல் மட்டும் போதாது, கதவும் திறக்க வேண்டும். மூவரும் வெளியே வந்து தெருவில் நின்றார்கள். கசிவு நிற்காமலிருந்தால் 1906 என்ற அவசர எண்ணை வெளியிலிருந்து அழைத்திருக்க வேண்டும். இங்கே அதற்குத் தேவை ஏற்படவில்லை.

சமையல் வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. நாம் 'கேஸ் வாசனை' என்று சொல்வது, கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படும் எதில் மெர்காப்டன் என்ற பொருளின் நாற்றம். 1937ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். வாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமானது அதன்பிறகுதான். அதாவது, ஒவ்வொரு வீட்டுச் சமையலறையின் பாதுகாப்பும் அந்த வீட்டில் வேலை செய்யும் ஒரு மூக்காவது இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அன்று பகலில் அந்த வீட்டில் அப்படி ஒரு மூக்கு இல்லை.

இதைச் சீட்டில் ஒரு வரியாக எழுதுவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. மணம் திரும்பும்வரை தனியாகச் சமைக்க வேண்டாம். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு நகர வேண்டாம். இரவில் ரெகுலேட்டரை மூடுங்கள். நேற்று வைத்த சாதத்தை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், வேறொருவரைக் கேளுங்கள். மூக்கு ஆபரேஷனுக்கு மட்டுமல்ல, வயதானவர்கள் உள்ள எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும். வாயு கசிந்தால் ஒலியெழுப்பும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அடுப்புகளும் உண்டு.

மாலையில் வீடு திரும்பிய மனைவி நடந்ததைக் கேட்டார். யாரையும் எதுவும் சொல்லவில்லை. தாயார் அன்று சாப்பிடவில்லை. "எனக்கு வயசாயிடுச்சும்மா, இனிமே அடுப்பு உன் பொறுப்பு" என்றார். மருமகள் பதில் சொல்லாமல் போய், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த சீட்டின் அடியில் பேனாவால் பத்தாவது வரியை எழுதினார்: 'அடுப்பு பற்றவைக்கும் முன் ஜன்னல் திறக்கவும். பால் வைத்தால் பக்கத்திலேயே நிற்கவும்.' பிறகு, "இது நம்ம மூணு பேருக்கும்தான் அத்தை. நாளைக்குக் காபி நீங்கதான் போடணும்" என்றார்.

விடுப்பு முடிந்து அவர் வேலைக்குப் போகத் தொடங்கினார். இருபத்தோராம் நாள் காலை. பாரிமுனை போகும் பேருந்து அண்ணா சாலை முடிந்து, தீவுத்திடலுக்கு முன்னால் கூவத்தின் மேலுள்ள பாலத்தில் போக்குவரத்து நெரிசலில் நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். ஜன்னலோரம் இருந்தவர்கள் கண்ணாடியை இழுத்து மூடினார்கள்.

அவர் மூடவில்லை. ஏதோ ஒன்று மெல்லியதாக, சந்தேகமாக, மேலேறி வந்தது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். கூவமேதான்.

நாற்றம் என்ற சொல்லுக்குச் சங்க காலத்தில் நறுமணம் என்று பொருள். அன்று அந்தப் பேருந்தில் ஒரே ஒரு பயணிக்கு அந்தப் பழைய பொருள் சரியாகத்தான் பட்டது. கைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "அம்மா" என்றார். 'ம' தெளிவாக விழுந்தது.

"என்னடா?" என்றார் தாயார், கலவரத்தோடு.

"ஒண்ணுமில்லே. இந்த வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடு."